தலைக்கு மேல் தூக்கிய கைகள்

நெல்லையப்பன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். எஞ்சின் நிற்கவில்லை.

ஆள் நடக்கிற வேகத்தில்தான் அது யார்டில் நின்ற ரயில் கோச்சை நோக்கி வந்தது. கை உயர்ந்ததைப் பார்த்த வேலப்பன், இரண்டையும் இணைக்கும் கொக்கியை மாட்டக் குனிந்து உள்ளே நுழைந்தான். நெல்லையப்பன் கைகளை இன்னும் உயர்த்தினார். கத்தினார். வேலப்பன் உடம்பை வெளியே இழுத்துக்கொண்டான். வலது கை மட்டும் வரப் பிந்தியது.

பிறகுதான் நெல்லையப்பன் எஞ்சினின் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே டிரைவர் இல்லை. எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தது அவரேதான். வார்போட்டு அவர் நெஞ்சில் தொங்கவிட்டிருந்த ரிமோட்டில், முன்னால் தள்ளிய லீவர் தள்ளியபடியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், அமுக்கினால் எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பட்டன்.

ரிமோட் சோதனைக்கு வந்து அன்று நாலாவது நாள். அதற்கு முன் இருபத்தொன்பது வருஷம் அவர் வேலை டிரைவருக்குக் கை காட்டுவது. வா, மெல்ல வா, நில். மனைவி பொன்னம்மை மறுசோறு கொண்டுவந்தால் வீட்டிலும் இரண்டு கைகளும் மேலே போய்விடும். “நான் என்ன டீசல் எஞ்சினா?” என்பாள் அவள்.

எஞ்சின் நின்ற பிறகே உள்ளே போகவேண்டும் என்பது விதி. கை உயர்ந்ததும் போவது யார்டின் வழக்கம். ஆள் குனிவதற்குள் டிரைவர் நிறுத்திவிடுவார்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் வேலப்பனுக்கு இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள்.

“நீங்க கையத் தூக்குனதக் கண்டுதான் உள்ள கேறினேன் அண்ணாச்சி” என்றான். “எஞ்சின் சனியன், கேக்கல்ல பாத்துக்கிடுங்க.”

நெல்லையப்பன் வெளியே வந்தார்.

யோசுவா வாசலில் காத்திருந்தார். அந்த எஞ்சினின் டிரைவர். நாலு நாளாக மரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள்.

“ஓய், பட்டன அமுக்கினேன், ரிமோட் சதிச்சிட்டுன்னு வாக்குமூலத்துல எழுதும். நாளைக்கே அதக் கெட்டி அனுப்பிருவானுவ.”

“நான் அமுக்கல்லியே ஓய்.”

“அது எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும், கர்த்தருக்கும் தெரியும். அவரு சாட்சி சொல்ல வரமாட்டாரு.”

யார்டு இன்ஸ்பெக்டர் ஸ்ரீகுமார் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, வாக்குமூலத் தாளை நீட்டிப் பேசினார்.

“ரிமோட்டுக்கு ஒரு கொழப்பமும் இல்ல சேட்டா. செக் பண்ணியாச்சு. எஞ்சின் நிக்காம வேலப்பன் உள்ள கேறினான். ரூல்படி அவன் தப்பாக்கும். நிங்ஙளு அத மட்டும் எழுதினா மதி, வேற ஒண்ணும் வேண்டா.”

“அவனுக்கு நஷ்ட ஈடு, வேற வேலை?”

“அது பின்ன நோக்காம்.”

“கைகாட்டுனது நான் சார்.”

“அத ஆரு கேட்டா?”

நெல்லையப்பன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பழவங்காடிக் கோயில் வரை நடந்தார். யோசுவா சொன்னது பொய். ஸ்ரீகுமார் சொன்னது பொய்கூட இல்லை. இரண்டில் எதை எழுதினாலும் தான் தப்பித்துவிடலாம். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு எழுதிக் கொடுத்தார். கை தூக்கினேன். பட்டனை அமுக்கவில்லை. கை தூக்கியதைப் பார்த்துத்தான் வேலப்பன் உள்ளே போனான். ஸ்ரீகுமார் இரண்டு முறை வாசித்துவிட்டு, தேதி இல்லை என்றார். நெல்லையப்பன் தேதி போட்டார். பதினொரு மணிக்கு சஸ்பென்ஷன் உத்தரவு கொடுத்தார்கள். ரிமோட்டை வேறொருவர் மாட்டிக்கொண்டார். யோசுவா மரத்தடியில் இருந்தார். இவர் பக்கம் திரும்பவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியில், மூன்றாவது விரலையும் எடுக்கவேண்டும் என்றார்கள். வேலப்பனின் மனைவி பொன்முடியிலிருந்து வந்து சேரவில்லை, பஸ் கிடைத்திருக்காது. வேலப்பனால் எழுத முடியாது. சம்மதத் தாளில் நெல்லையப்பன் கையெழுத்துப் போட்டார்.