ஆலத்தட்டில் பிழிந்த எலுமிச்சம்பழம்

1. உர மூட்டைக்கு இடம்

நான் பாலசேவிகாவாக, அதாவது பாலவாடி டீச்சராக, வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். பாலவாடிக்கு வரும் பிள்ளைகளின் பெயர்கள் மனப்பாடம் ஆவதற்குள்ளேயே அதை மூடும் பேச்சு வந்துவிட்டது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்த ஊரில் மழைக்கு ஒழுகாத பொதுக் கட்டடம் அது ஒன்றுதான். பஞ்சாயத்துத் தலைவருக்கு உர மூட்டை அடுக்க இடம் வேண்டியிருந்தது.

"நாலு வயசுப் புள்ளைக்கு என்னத்தப் படிப்பு டீச்சரம்மா? அதுக அங்கிட்டு மரத்தடியில வெளையாடட்டும். மூட்டை நனைஞ்சா கரைஞ்சுபோயிரும். புள்ளைக நனைஞ்சா கரைஞ்சா போகும்?" என்று கேட்டார்.

கரையாதுதான். ஆனால் நடவுக்குப் போகும் தாய்மார்கள் பாலவாடி வருவதற்கு முன்பு பிள்ளைகளை வரப்பில்தான் உட்கார வைத்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை வாய்க்காலில் விழுந்து, நல்லவேளையாகப் பிழைத்தது. அந்தக் குழந்தை என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள். பெயர் செல்லம். மூடினால் அவள் மறுபடியும் வரப்புக்குப் போவாள், நான் வேலையில்லாமல் ஊருக்குப் பஸ் ஏறுவேன்.

பெரிய ஆபீசர் நேரில் பார்த்து முடிவு சொல்வார் என்று யூனியன் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது.

2. அடுப்படிச் சாமான்

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லி அனுப்பியது, பிள்ளைகளுக்கு விஞ்ஞான மனப்பான்மையை ஊட்ட வேண்டும் என்பது. ஊட்டுவதற்கு அரசாங்கம் கொடுத்தது பால் பவுடர். பவுடர் தீர்ந்ததும் டின் மிஞ்சும். அதுதான் என் லேபரட்டரி.

மற்றதெல்லாம் வீட்டு அடுப்படிகளிலிருந்து இரவல் வாங்கினேன். வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பை அள்ளிப் போட்டால் மிதக்கும். பிள்ளைகள் கை தட்டினார்கள். சாயங்காலம் முட்டைக்குச் சொந்தக்காரி வந்து, "மெதந்த முட்டை கூமுட்டைல்ல? எனக்கு நல்ல முட்டையாக் குடுங்க" என்று சண்டைக்கு நின்றார். உப்புத் தண்ணீரின் மகிமையை அவருக்கு விளக்கிப் பார்த்துவிட்டு வேறு முட்டை வாங்கிக் கொடுத்தேன்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது மஞ்சள் சோதனை. மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் துளி போட்டால் ரத்தமாகச் சிவக்கும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும். மறுபடியும் சுண்ணாம்பு, மறுபடியும் சிவப்பு. செல்லத்துக்கு இது அலுக்கவே இல்லை. எலுமிச்சம்பழத்தை எங்கே கண்டாலும் பல்லால் கடித்துப் பிழிய வந்துவிடுவாள்.

நான் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரில் ஆலம், அதாவது ஆரத்தி, சுற்றும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் இந்தச் சிவப்புத் தண்ணீர் எனக்கு வெறும் சோதனைதான். அந்த ஊருக்கு அது வேறு என்பது எனக்கு உறைக்கவில்லை.

3. ஜீப் வந்தது

ஆபீசர் இறங்கியதும் தலைவர் இரண்டு மரியாதைகளையும் ஒருசேரச் செய்தார். அவர் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார். தலைவரின் சம்சாரம் ஆலம் சுற்றி, தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு ஆபீசருக்குப் பொட்டு வைத்தார்.

ஆபீசர் நல்ல மனிதர். முன்னால் நின்ற செல்லத்தின் கன்னத்தைத் தட்டி, "பாப்பா, இந்தா" என்று பழத்தை அவளிடமே கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "மூடநம்பிக்கை ஒழியணும். பிஞ்சு வயசுலயே விஞ்ஞானம் வேணும். எதையும் ஏன், எதுக்குன்னு கேக்கணும்..."

செல்லம் எதையும் கேட்கவில்லை. பழத்தைக் கடித்தாள், வாசற்படியிலிருந்த ஆலத்தட்டில் பிழிந்தாள்.

"ஆத்தாடி! ஆலம் வெளுத்துப்போச்சே!" என்று தலைவரின் சம்சாரம் வாயில் கை வைத்தார்.

பேச்சு நின்றது. மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்றவரின் முகம் தட்டிலிருந்த தண்ணீரைவிட அதிகமாக வெளுத்திருந்தது.

தலைவர் விடுவாரா? "பாத்தீங்களாய்யா? இதான் இங்க நடக்குற படிப்பு. வந்த மனுசனுக்கு எடுத்த ஆலத்தையே கெடுத்துப்புட்டாக. இன்னைக்கே பூட்டிருவோம்."

ஆபீசர் என்னைத் தனியே அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா, இதுல தப்பா ஒண்ணும் இல்லையே? சாயந்தரம் என் பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வர்றாங்க."

"புளிப்பு பட்டா நிறம் மாறும் சார். அவ்வளவுதான்" என்றேன். அவருக்கு அது போதவில்லை என்பது தெரிந்தது. வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அதற்குள் செல்லம் தலைவரின் இடுப்பில் தொங்கிய சுண்ணாம்பு டப்பியை இழுத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, கொஞ்சூண்டு குடுங்க. செவப்பாக்குறேன்." ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. டப்பியைத் திறந்தார்.

செல்லம் விரலால் சுண்ணாம்பைத் தொட்டு ஆலத்தட்டில் கலக்கினாள். தண்ணீர் முன்னைவிடச் சிவப்பாகத் திரும்பியது. தலைவரின் சம்சாரம், "தெய்வம் எறங்கி வந்துல்ல சரி பண்ணுது!" என்று செல்லத்துக்குத் திருஷ்டி கழித்தார். அவரைத் தட்டைத் தூக்கச் சொல்லி இன்னொரு சுற்றுச் சுற்ற வைத்துக்கொண்டார் ஆபீசர். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தலைவரே, பாலவாடி இங்கதான் இருக்கணும். ராசியான எடம். மூட்டையை நீங்க வேற எங்கிட்டாவது பாத்துக்கங்க."

4. தெரிந்துகொண்டது

விஞ்ஞானத்தால் பாலவாடியைக் காப்பாற்றினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆபீசர் காப்பாற்றியது ராசியை. தலைவரின் சம்சாரம் காப்பாற்றியது தெய்வத்தை. மூட்டைகள் தலைவர் வீட்டுக் கூடத்துக்குப் போயின. அந்த வருஷம் பூராவும் அவர் வீட்டில் விருந்தாளிகள் தங்கவில்லை என்று கேள்வி.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சோதனை செய்து காட்டுங்கள், தாராளமாக. ஆனால் சிவப்பை மஞ்சளாக்கக் கற்றுக்கொடுத்த அன்றைக்கே, அதைத் திரும்பச் சிவப்பாக்கவும் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

செல்லம் அதற்கப்புறம் வரப்பில் உட்காரவில்லை.