உலராத கற்கள்

தண்ணீரால் எழுதியதை எதைக் கொண்டு அழிப்பது? தொழிலாளர் பூங்காவைக் கூட்டும் குய்லியனுக்கு மேலிடம் கொடுத்த வேலை அதுதான்.

ஓவியர் நியே காலையில் ஒரு வாளித் தண்ணீரும் இடுப்புயரத் தூரிகையுமாக வந்து நடைபாதைக் கற்களில் எழுதுவார். பூங்காவில் கிழவர்கள் எல்லோரும் அப்படித்தான் பழைய கவிதைகளை எழுதி வெயிலுக்குக் கொடுப்பார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. நியே எழுதியதோ பெயர்கள். சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது கீழே மாட்டிக்கொண்டு, கணக்கில் வராமல் போனவர்களின் பெயர்கள். ஒரு கல்லுக்கு ஒரு பெயர்.

அவர் வரைந்த படங்களை அதிகாரிகள் முன்பே லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். கண்காட்சி கூடாது, சாயம் கூடாது, காகிதம் கூடாது என்றார்கள். தண்ணீர் கூடாது என்று சொல்ல மட்டும் எந்த மகாராசனுக்கும் தோன்றவில்லை.

"துடை அக்கா, சீக்கிரம் துடை!" என்று விரட்டுவான் காவலன் பாங்.

"ஈரத் துடைப்பத்தால துடைச்சா இன்னும் ஈரமாத்தான் ஆகும் சார். கொஞ்சம் பொறுங்க, அதுவே காஞ்சிடும்."

"காயறதுக்குள்ள ஊரே படிச்சிடுதே!"

கடைசிக் கல்லை நியே எப்போதும் வெறுமனே விட்டுவிடுவார். அது குய்லியனின் கணவன் தியான் மன்சாங்குக்கு உரியது. வெள்ளம் புகுந்த வாரம் சுரங்கக் கம்பெனி ஆட்கள் வந்து, அவன் தெற்கே பிழைக்கப் போய்விட்டான் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னால் வீடு நிலைக்கும், பூங்கா வேலை கிடைக்கும். இடுப்பில் கைக்குழந்தை. சொல்லிவிட்டாள்.

"குய்லியன், உங்க வாயால சொல்லாம நான் அவர் பேரை எழுத மாட்டேன்" என்றார் நியே ஒருமுறை.

"எழுதிக் கிழிச்சது போதும் வாத்தியாரே. என்னை விட்டுடுங்க."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, நெஞ்சை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. சீன நாட்காட்டியின் பத்தாம் மாதம் முதல் நாள், குளிர் தொடங்கும்போது, செத்தவர்களுக்குக் காகிதத்தில் குளிராடை செய்து எரிக்க வேண்டும். பெயர் சொல்லி எரித்தால்தான் உரியவரைச் சேரும். இல்லாவிட்டால் வழியில் திரியும் அநாதைப் பேய்கள் பிடுங்கிக்கொள்ளும். உயிரோடு இருப்பதாகச் சொன்னவனுக்கு எந்த வாயால் பெயர் சொல்லி எரிப்பது? வாங்கிய காகித ஆடைகள் பெட்டிக்கடியில் கிடந்தன. மனிதன் தண்ணீரில் கிடந்தான், எந்தக் குளிருக்கும் போர்த்த ஒன்றுமில்லாமல்.

இலையுதிர் காலத்தில் நியேயைத் தேநீர் குடிக்க வரச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் அந்தத் தேநீரைக் குடிக்கப் போனவர் எப்போது வருவார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. வாளியும் தூரிகையும் கூடவே போயின.

மறுநாள் காலை கற்களில் பெயர்கள் ஈரமாக இருந்தன. நியேயின் கையெழுத்தேதான். குய்லியன் குனிந்து தொட்டாள். விரல் விறைக்கும் குளிர். மோந்து பார்த்தாள், நிலக்கரி வாடை. மன்சாங்கின் சட்டையை அலசிய தண்ணீர் இப்படித்தான் நாறும். துணியால் ஒற்றினாள். கல்லுக்குள்ளிருந்து மறுபடி ஊறியது. பூங்காவுக்கு நேர் கீழேதான் பழைய சுரங்கம். அதில் வெள்ளம் இன்னும் வடியவில்லை.

கடைசிக் கல் மட்டும் காய்ந்து கிடந்தது.

பாங் கற்களைப் பெயர்த்துப் புதுக் கல் பதிக்கச் செய்தான். புதுக் கல்லிலும் ஊறியது. கிழவர்கள் வருவதை நிறுத்தினார்கள். 'புல்லை மிதிக்காதீர்' என்று பலகை வைத்த பாங்கே இப்போது புல்வெளியில்தான் நடந்தான்.

பத்தாம் மாதம் முதல் நாள் விடிந்ததும் குய்லியன் காகித ஆடைகளோடு வந்தாள். துடைப்பத்தை வாளியில் நனைத்துக் கடைசிக் கல்லில் எழுதினாள். முதல் எழுத்து தியான்; சீனத்தில் அதற்கு வயல் என்று பொருள், எழுத்தின் வடிவமும் வயல்தான். நாலு பக்க வரப்பும் நடுவே குறுக்கு வரப்பும் சரியாக வந்தன. அடுத்த எழுத்தில் ஒரு கோடு விட்டுப்போயிற்று.

"யாரு அக்கா அது?" என்றான் பாங்.

"என் வீட்டுக்காரர்."

"அவன் தெற்கேல்ல இருக்கான்? நீதானே சொன்ன!"

"பொய் சொன்னேன் சார். நீங்க நிக்கிற இடத்துக்கு அடியில இருக்கார்."

பாங் ஒரு காலைத் தூக்கிவிட்டான். பிறகு சுதாரித்துக் கைப்பேசியை எடுத்தான். "வீடு போகும், வேலை போகும். பையனை நினைச்சியா?"

"அவனுக்கும் அப்பன் பேரு வேணும்ல."

மன்சாங்கின் பெயரை உரக்கச் சொல்லி ஆடைகளை எரித்தாள். சாம்பல் அடங்குவதற்குள் அவள் எழுதியது உலர்ந்துவிட்டது. கல் வெறுமனே கிடந்தது. போய்ச் சேரவில்லையா? இத்தனை வருஷம் கழித்துக் கூப்பிட்டவளிடம் கோபமா?

வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது. "தேநீர் குடிக்கலாம் வா" என்றான் பாங். சொன்னவன் கல்லைப் பார்த்துப் புல்வெளிக்குப் பின்வாங்கினான்.

கடைசிக் கல்லில் வரப்புகள் ஒவ்வொன்றாகக் கறுத்து ஊறின. பிறகு அடுத்த எழுத்து, அவள் விட்ட கோடு விட்டபடியே.

குய்லியன் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தாள். மற்றக் கற்களெல்லாம் பனிக்கட்டியாய் இருக்க, இந்தத் தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.