அம்மன் காசுக்கு ஒரு மார்க்கு

திருக்கோகர்ணத்தில் ஜாக்கெட் தைக்கும் புவனேஸ்வரிக்குக் காசுப் பைத்தியம் என்று தெருவே சொல்லும். செல்லாத காசுப் பைத்தியம்! புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு ஒன்று எங்கேயாவது கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கிளம்பிவிடுவாள். சுண்டுவிரல் நகத்தளவுச் செம்புக்காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்றிருக்கும். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், “நீங்க சீரியல் பாக்கலயா? அது மாதிரித்தான்” என்பாள்.

அவளிடம் இருந்தவற்றில் இரண்டு காசுகள்தான் கையே படாதவைபோல இருந்தன. ஒன்றில் குறையே இல்லை. இன்னொன்றில் எழுத்தின் மேல் ஒரு கீறல். குறையில்லாததை வெளியூரில் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பப்போகிறாள். லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு, கண்ணாடிபோன்ற பெட்டியில் அடைத்துத் தருவார்கள்.

அந்த மார்க்குதான் அவளுக்கு வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் அம்மை போட்டுப் படுத்தவளுக்கு அதோடு படிப்பு நின்றுபோயிற்று. நாத்தனார், கொழுந்தன், பெற்ற மகள் அறிவுமதி என்று வீட்டில் எல்லாரும் மார்க்கு வாங்கியவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துத் தனக்கும் ஒரு மார்க்குப் போடமாட்டாரா என்று அவளுக்கு அப்படியொரு ஆசை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் இரண்டு காசுகளையும் தையல் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல காசில் அம்மன் மேலே இருந்தாள். மற்றதைக் கீறல் தெரியும்படி எழுத்துப் பக்கமாகப் போட்டிருந்தாள். வாசலில் யாரோ அளவு கொடுக்க வர, எழுந்து போனாள்.

அவள் புருஷன் உடையப்பன் வெல்டிங் பட்டறைக்காரர். தங்கமான மனுஷன், கையை மட்டும் சும்மா வைத்திருக்கத் தெரியாது. அன்றைக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். புவனேஸ்வரி திரும்பி வந்தபோது அம்மன் புதுச் செம்புபோல மின்னினாள். நெற்றியில் குங்குமம் வேறு!

“ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

“மொகமெல்லாம் கறுத்துக் கெடந்துச்சு புவனா. மார்க்குப் போடப் போற எடத்துக்கு அம்மன் பளிச்சுன்னு போகட்டுமேன்னு தேய்ச்சேன்.”

“பாவி மனுஷா! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“பின்பக்கத்தத் தொடவே இல்ல. அது வெறும் எழுத்துதானே?”

“ஆமா, பெரிய உபகாரம்!” என்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அழுதுமுடித்துக் காசு சேர்ப்போர் சங்கத்துச் செம்மலுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

“தேய்ச்ச காசுக்கு நம்பரே தர மாட்டாங்கக்கா. ஒரு பக்கம் தேய்ச்சாலும் அதே கதிதான். மறுபக்கம் எம்புட்டு நல்லா இருந்தாலும் காப்பாத்தாது.”

“தம்பி, இன்னொண்ணு இருக்கு. எழுத்துப் பக்கம் ஒரு கீறல்.”

“அதையும் தேய்ச்சுட்டாரா?”

பக்கத்தில் நின்ற உடையப்பன், “அதுல அம்மன் தெரியலயே, ஏதோ பட்டன்னு விட்டுட்டேன்” என்றார்.

“அப்ப பொழைச்சீங்க. அவங்க மொதல்ல மொகத்தத்தான் பாப்பாங்க. கீறல் மொகத்துல இருந்தா மார்க்கு சரசரன்னு எறங்கும். முதுகுல இருந்தா கொஞ்சந்தான் கொறையும். ஆனா ரொம்ப ஆழமா இருந்தா நம்பர் கெடையாதுன்னுருவாங்க. அனுப்பிப் பாருங்கக்கா.”

ஜாக்கெட்டிலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டாள். கழுத்து பாந்தமாக அமைந்துவிட்டால் முதுகுத் தையல் லேசாக இழுத்தாலும் போகட்டும் என்பார்கள். இஸ்திரிப்பெட்டி பொசுக்கிவிட்டால் எந்தப் பக்கமானாலும் வாங்கமாட்டார்கள். கீறல் ஆழமா இல்லையா என்று நகத்தால் தடவிப் பார்க்கவும் பயம். அப்படியே பொதிந்து அனுப்பினாள்.

அதன்பிறகு கூரியர் வண்டிச் சத்தம் கேட்டாலே மிஷினிலிருந்து கால் நின்றுவிடும். உடையப்பன் பாவம், சாப்பிடும்போது உப்புக் கூடக் கேட்கவில்லை.

பார்சல் வந்த அன்று பிரிக்கக் கை வரவில்லை. “நீங்களே பாருங்க” என்று அவரிடம் தள்ளினாள்.

“அறுவத்திரண்டு!” என்று பட்டறைக்குக் கேட்கும்படி கத்தினார். “புவனா, நம்பர் போட்டுட்டாங்க! எழுவதுக்கு அறுவத்திரண்டு!”

பிடுங்கிப் பார்த்தாள். அறுபத்திரண்டுதான். உடனே சென்னையில் வேலை பார்க்கும் அறிவுமதிக்கு வீடியோ கால் போனது.

“எத்தனைம்மா?” என்றாள் மகள்.

இத்தனை வருஷத்தில் புவனேஸ்வரியிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “எழுவதுக்கு அறுவத்திரண்டு” என்றாள்.

அறிவுமதி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடக் காலமெல்லாம் அம்மா தன்னைக் கேட்டுக் குடைந்ததை அப்படியே கேட்டாள்.

“மிச்சம் எட்டு எங்க போச்சு?”

“முதுகுல ஒரு கீறலுடி” என்றாள் புவனேஸ்வரி. சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டன.