மக்காச்சோளக் காட்டில் எனக்குப் பசித்த நாள்

சென்னையில் இரண்டு வருடம் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை மேனேஜர் போன் அடித்தால் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஸ்கேன் எடுத்தேன், மாத்திரை விழுங்கினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு டாக்டர் அம்மாதான் கேட்டார்: "ஊருக்குப் போனா வலிக்குதா?"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வலிக்காது. திரும்பிப் போகப் பஸ் ஏறினால் வலிக்கும். அதைச் சொன்னதும் என்னை மனநல டாக்டரிடம் அனுப்பினார். அவர் பேசவிட்டார், நான் அழுதேன், இரண்டு மாதம் லீவு கிடைத்தது.

வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, அந்த லீவில் ட்ரோன் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கினேன். வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன். நான் முதன்முதலாகத் தனியாக ஓட்டப்போகிற அன்றைக்குப் பார்த்து அப்பா கெடு வைத்தார்: "சாயங்காலத்துக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லிடு. போறியா, இல்லியா?"

சின்னசேலம் பக்கம் மூன்று ஏக்கர் மக்காச்சோளக் காடு. குருத்தெல்லாம் படைப்புழு. துணைக்கு அம்மா வந்திருந்தார். நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது காட்டுக்காரர் ட்ரோனுக்குக் கற்பூரம் காட்டினார். காட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ட்ரோன் ஜம்மென்று மேலே ஏறியது. அப்புறம் ஒரு அடிகூட முன்னே போகவில்லை. நாலு தடவை இறக்கி ஏற்றினேன். அதற்குள் வரப்பில் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாம்மா, ஏறுது, நவுர மாட்டன்னுது?" என்றார் காட்டுக்காரர். "கையால அடிச்சிருந்தா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும்."

ட்ரோனை இறக்கிச் சுற்றிவந்து பார்த்தேன். அதன் முன்னால் இரண்டு கேமரா கண்கள் உண்டு. எதிரே ஏதாவது தடுத்தால் தானாக நின்றுவிடும். அந்த இரண்டு கண்ணிலும் தடியாகச் சந்தனம், மேலே குங்குமம்.

"மாமா, பொட்டு வெச்சீங்களா?"

"பின்ன? பொட்டு இல்லாம எந்த வண்டி எங்க காட்டுல எறங்கிச்சி?"

"நெத்தியில வெக்காம கண்ண மூடிட்டீங்களே."

"அதுக்கு நெத்தி எங்க கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

வரப்பே சிரித்தது. கண்ணைத் துடைத்துவிட்டு, மருந்து டேங்க்கில் புதுப் பொட்டு வைக்கச் சொன்னேன். பயபக்தியாக வைத்தார். அடுத்த நிமிஷம் ட்ரோன் கிளம்பியது பாருங்கள், இலையெல்லாம் படுத்துப் படுத்து எழுந்தது. கல்வராயன் மலையை நேரே பார்த்துக்கொண்டு கடைசிச் சால் வரை போய்த் திரும்பியது. மூன்று ஏக்கரும் முடிந்தபோது முதுகு வெந்து, மூக்கெல்லாம் மருந்து நாற்றம். ஆனாலும் எனக்கு இன்னொரு மூன்று ஏக்கர் வேண்டும்போல இருந்தது.

கைகால் கழுவிவிட்டு வயிற்றில் கை வைத்து நின்றேன். அம்மா பதறி ஓடிவந்தார்.

"வவுத்த வலிக்குதா பாப்பா? அத்தினி பேரு பாத்துக்கினு இருந்தாங்களே."

நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் திணறியும் அந்த வலி வரவில்லை.

"வலிக்கல. பசிக்குது."

அம்மா தூக்குவாளியைத் திறந்தார். வலது கையில் தக்காளிச் சோறு, இடது கையில் போன். வேலையை விடுகிறேன் என்று தப்பும் தவறுமாகத் தட்டிக் கம்பெனிக்கும் அப்பாவுக்கும் அனுப்பினேன். உடனே அப்பா கூப்பிட்டார். வாய் நிறையச் சோறு. அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது துன்னுக்கினு கீது. அப்பறம் பேசுங்க."