மருதாணி பூசிய கை

பேறுகாலம் பார்ப்பவர்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. ஆம்பூர் மருத்துவச்சிகளின் கைகளைப் பார்த்துவர, நர்ஸான என்னை வேலூரிலிருந்து அனுப்பினார்கள். கையில் புண் இருந்தால் பிரசவம் பார்க்கக் கூடாது, அது விதி. எனக்கு அப்போது வாயும் நீளம், விதியென்றால் வெறியும்கூட.

அங்கே மருத்துவச்சிகளில், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள் ஒருத்தி இருந்தாள். பாய் வீடுகளில் திரைக்குப் பின்னால் போய்ப் பிரசவம் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அன்று அவள் உள்ளங்கை இரண்டிலும் அடர்த்தியாக மருதாணி.

“இன்னாடி, உனக்கா கல்யாணம்?” என்று கேலி செய்தேன்.

“பாய் வூட்டு நிக்காஹ்ல வெச்சி வுட்டாங்க,” என்றாள். சிரிக்கவில்லை.

கையை வெளிச்சத்துக்கு இழுத்தேன். சிவப்புக்கு அடியில் விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. புருஷன் நோயில் படுத்துவிட்டானாம். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பில் ஊறிய தோலுக்கு மயிர் பிடுங்கப் போகிறாள். பிரசவத்தை மட்டும் நம்பி அடுப்பெரியவில்லை.

“ஒரு மாசம் கண்டுக்காத. ஆறிடும்.”

“அந்தக் கையோட தொட்டா தாய்க்குக் காய்ச்சல் வரும், உனக்குத் தெரியாதா? ஆறுற வரைக்கும் ஒருத்தியையும் தொடாத. மீறினா பதிவுலேர்ந்து பேரை அடிச்சிடுவாங்க.”

அவள் அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிரசவம் இல்லையென்றால் நாள் முழுக்கச் சுண்ணாம்பில்தான் நிற்பாள், கை எங்கே ஆறும்? அது புரிந்தேதான் தடை எழுதினேன்.

சில மாதம் கழித்து மறுபடி போனேன். தோல் ஷாப் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“பாய் வூட்டு சின்ன மருமக பிரசவத்துல செத்துப் போய்ட்டா. நாட்டு மருத்துவச்சி வந்து பார்த்தா. அப்புறம் ஒரே காய்ச்சல்.”

“அவ கையை யாரும் பார்க்கலியா?”

“யாரு பார்ப்பா? அவ எங்கியும் பேரே பதியல, அவளுக்கு ஏது விதி?”

அவளே மேலே சொன்னாள்.

“அந்தப் பொண்ணு திரைக்குப் பின்னாலேர்ந்து, நீயே உள்ள வா அக்கான்னு கத்துச்சி. நான் வெளியவே நின்னேன், உள்ள போகல. நீ தொடாதன்ன, தொடவே இல்ல. நான் செஞ்சது சரிதான?”

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். விதிப்படி சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாவி, எனக்கு அழுகைதான் வந்தது.