டிரம் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

பழவேற்காடு உப்பு ஏரிக்கரையில் அரசு உதவியோடு வீடு கட்டுகிறோம். ஏரியில் வலை போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. அதைப் பாடு என்போம். எங்கள் பாடு வந்த நாளில் கணவர் படகில், நான் கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அரசு இன்ஜினீயர் வந்து, புதுத் தூண்களைப் போட்டோ எடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

வீடு திரும்பியதும் கலவைக்காக மேஸ்திரி நிரப்பி வைத்திருந்த டிரம் தண்ணீரில் முகம் கழுவினேன். உதட்டில் கரித்தது. கருவாட்டுக்கு உப்புப் பார்க்கும் நாக்கு ஏமாறுமா?

"இன்னா மேஸ்திரி, ஏரித் தண்ணியிலயா கலவை போட்ட?"

"லாரித் தண்ணி வரலமா. சாரே பாத்துட்டு ஓகேனு சொல்ட்டாரு."

உப்புத் தண்ணீரில் கம்பி துருப்பிடித்துத் தூண் வெடிக்கும் என்பது எங்கள் குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். இன்ஜினீயருக்குப் போன் செய்தேன். "தண்ணி பாக்குறது என் ஃபார்ம்ல இல்லமா" என்றார். அந்தக் கூரையின் கீழ் தூங்கப்போவது அவர் பிள்ளைகளா? மறுநாளே நான்கு தூண்களையும் இடிக்க வைத்தேன்.

இப்போதெல்லாம் பாடு நாளானாலும் வேலை நடக்கும் இடத்தை விட்டு நான் நகர்வதில்லை. இன்ஜினீயர் வந்தால் முதலில் டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டுகிறேன்.

"ஒரு வாய் குடிச்சிட்டு கையெழுத்துப் போடு சார்."