கனடாத் தட்டில் கெட்டிமேளம்

இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சிலமலையில் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினேன். தனியாளாகக் காடு திருத்தி ஏலத்தோட்டம் போட்டேன். போடியில் மாடி வீடு கட்டினேன். ஆனால் நான் முதன்முதலில் நடத்தி முடித்தது ஒரு கல்யாணம். அப்போது எனக்கு எட்டு வயது.

என் சித்திக்கு மலை எஸ்டேட்டில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தேவாரத்திலிருந்து முதல் நாளே ஏறி வந்துவிட்டார்கள். மேளக்காரர்கள்தான் வரவில்லை. பாதையை மறித்து யானைக்கூட்டம் நிற்பதாகச் சேதி வந்தது. முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது.

"மேளமில்லாம தாலி கட்டிட்டு ஊருல தலைகாட்ட முடியுமா? கெளம்புங்கப்பா!" என்று மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறினார். சித்தி முகத்து மஞ்சள் கண்ணீரில் கரைந்தது.

என் மாமா எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையல்காரர். "செத்த பொறுங்க மாமா" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டு ஓடியவர், துரையிடம் கேட்டுப் பாட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார்.

"டேய் மருமகனே, வெரசா சுத்து!"

கைப்பிடியைச் சுற்றினேன். இசைத்தட்டிலிருந்து பிடில் குதித்துக்கொண்டு ஓடியது.

"என்ன மாப்ளே, வண்டு கத்துது. இதுவா மேளம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பிடிலுக்கு அடியில காதக் குடுங்க மாமா."

டக்கு டகடக்கு, டக்கு டகடக்கு. பெரியவரின் புருவம் ஏறியது.

"அட, தவுலு! வாசிக்கிறவன் கெட்டிக்காரன்யா. ஏலே, தாலிய எடு!"

இரண்டாம் முடிச்சில் பெட்டி இழுக்க ஆரம்பித்தது. நடுவில் நின்றால் கல்யாணமே போச்சு. தோள்பட்டை கழன்றாலும் சரியென்று சுற்றினேன். மெட்டு மறுபடி பறந்தது, மூன்றாம் முடிச்சும் விழுந்தது. பிறகு அதே தட்டை மறுபடி மறுபடி போட்டுக் கிழவிகள்கூட ஆடினார்கள். சித்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தத் தவில்காரரை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று வெகுநாள் ஏங்கினேன். என் கல்யாணத்தன்றுதான் மாமா காதோடு சொன்னார். துரை கனடாக்காரர். அங்கே பிரெஞ்சு பேசும் குடியானவர்களின் ஆட்ட மெட்டாம் அது, ரீல் என்பார்களாம். தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டே பழகி, பிறகுதான் தட்டில் ஏறியதாம். அதில் தவிலே கிடையாது. பிடில்காரரே நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் பலகையில் தட்டும் தாளம் அது. பூட்ஸ் காலால்!

"வெளிய சொல்லிறாத. செருப்புச் சத்தத்துல தாலி கட்டுன குடும்பம்னு ஆயிரும்."

பெரியவர் காலமாகிவிட்டார், சித்திக்கு ஏழு பிள்ளைகள், இனிச் சொல்லலாம். அந்த மெட்டை யார் வாசித்தார், யார் தட்டில் பதித்தார் என்றெல்லாம் கனடாவில் எழுதி வைக்கிறார்களாம். எழுதட்டும். போடி மலையில் அது நின்றுபோகாமல் சுற்றியவன் நான். என் பெயரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.